செங்கோண முக்கோணத்தில் எதிர்ப்பக்கம் எது, அடுத்துள்ள பக்கம் எது? மகளுக்கு எப்படிப் புரிய வைப்பது?

கேள்வி
எழுதியவர்: தோட்டத்து அம்மா, தெலுக் இந்தான்

அனைவருக்கும் வணக்கம். தெலுக் இந்தான் பட்டணத்துக்கு வெளியே ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை)த் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கிறோம். என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, இப்போது இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம் படிக்கிறாள். முதலாம் படிவத்தில் பித்தாகரஸ் தேற்றத்தைச் சிரமமின்றிக் கற்றவள், இந்த ஆண்டு சைன், கோசைன், டேஞ்சன்ட் விகிதங்கள் வந்ததிலிருந்து தடுமாறுகிறாள். "சோ கா டோவா" என்ற மனப்பாடச் சொல்லைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பாள்: எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன், அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் கோசைன், எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் டேஞ்சன்ட். ஆனால் கணக்கில் எந்தப் பக்கத்தை எதிர்ப்பக்கமாக எடுப்பது என்பதில்தான் தவறு செய்கிறாள்.

சென்ற வாரப் பயிற்சித் தாளிலிருந்து ஒரு கணக்கைச் சொல்கிறேன். மூலைகளுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஆ என்ற மூலையில் செங்கோணம். அ-ஆ பக்கம் 5 செ.மீ., ஆ-இ பக்கம் 12 செ.மீ., அ-இ பக்கம் 13 செ.மீ. அ கோணத்தின் சைன் என்ன என்பது கேள்வி. மகள் 5/13 என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "அ-ஆ பக்கம்தானே அம்மா நிமிர்ந்து நிற்கிறது, நிற்பதுதான் எதிர்ப்பக்கம், படுத்திருப்பதுதான் அடுத்துள்ள பக்கம்" என்றாள். அதற்கு அடுத்த கணக்கில் முக்கோணத்தைத் திருப்பி, நீளமான பக்கம் கீழே வரும்படி வரைந்திருந்தார்கள். அங்கே செங்கோணத்துக்கு எதிரே உள்ள கர்ணத்தையே அடுத்துள்ள பக்கம் என்று எழுதிவிட்டாள். நான் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள், அதுவும் இருபது ஆண்டுகளுக்கு முன். தவறு என்று தெரிகிறது, ஆனால் ஏன் தவறு என்று அவள் மனத்தில் பதியும்படி சொல்ல வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. கர்ணம் காண என் மாமனார் அவளுக்கு ஒரு பழைய தமிழ்க் கணக்குமுறையைச் சொல்லிக் கொடுத்தார். நீளமான பக்கத்தை எட்டாகப் பிரித்து, அதில் ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, குட்டையான பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் வரும் என்பது அந்த முறை. 3, 4, 5 முக்கோணத்துக்குச் சரியாக வந்தது. ஆனால் 20, 21 என்ற பக்கங்களுக்கு 28.375 வந்தது, விடைத்தாளில் 29 இருக்கிறது. தாத்தா சொன்னது தவறா, நாங்கள் போட்டது தவறா என்று தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி
எழுதியவர்: ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, ஈப்போ

வணக்கம் சகோதரி. உங்கள் மகளின் தவறு அவளுடைய கவனக்குறைவால் வந்தது அன்று. பாடநூல்களிலும் வெண்பலகையிலும் நாங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான முக்கோணத்தை வரைந்து காட்டியதால் வந்தது. அடிக்கோடு கீழே, செங்குத்துக்கோடு ஓரத்தில், கோணம் எப்போதும் கீழ் மூலையில் என்று நூறு படங்களைப் பார்த்த பிள்ளை, நிற்பது எதிர்ப்பக்கம், படுப்பது அடுத்துள்ள பக்கம் என்று தானாகவே ஒரு விதியை உண்டாக்கிக் கொள்கிறது. அந்த விதி அந்த நூறு படங்களுக்கும் பொருந்திவிடுவதால், அது தவறு என்று பிள்ளைக்குத் தெரிய வழியே இல்லாமல் போகிறது.

அவளுக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான். கர்ணம் என்பது முக்கோணத்துக்குச் சொந்தமான பெயர். எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம் ஆகியவை கோணத்துக்குச் சொந்தமான பெயர்கள். செங்கோணத்துக்கு எதிரே இருக்கும் பக்கம் எந்தக் கோணத்தைப் பற்றிப் பேசினாலும் கர்ணம்தான். மற்ற இரண்டு பக்கங்களும் நாம் எந்தக் கோணத்தில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துப் பெயரை மாற்றிக் கொள்ளும். ஒரே பெண்மணி ஒருவருக்கு அத்தையாகவும் இன்னொருவருக்குச் சித்தியாகவும் இருப்பதில்லையா? யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் முறை சொல்ல முடியாது. அதுபோல எந்தக் கோணம் என்று தெரியாமல் எதிர்ப்பக்கம் எது என்று சொல்ல முடியாது.

இதைத் தாளில் சொல்வதைவிடத் தரையில் செய்து காட்டுங்கள். துணி காயப்போடும் கயிற்றில் சம இடைவெளியில் பன்னிரண்டு கூறுகள் வரும்படி முடிச்சுப் போட்டு, இரண்டு நுனிகளையும் சேர்த்துக் கட்டி, மூன்று கூறு, நான்கு கூறு, ஐந்து கூறு என்று மூன்று பக்கங்களாக இழுத்துப் பிடித்தால் வாசலிலேயே ஒரு செங்கோண முக்கோணம் கிடைத்துவிடும். மகளைச் செங்கோணம் அல்லாத ஒரு மூலையில் நிற்கச் சொல்லுங்கள். அவள் காலைத் தொடாமல், எதிரே குறுக்காகக் கிடக்கும் ஒரே ஒரு கயிறுதான் எதிர்ப்பக்கம். பிறகு அவளை மற்றொரு குறுங்கோணத்துக்கு நடந்து போகச் சொல்லி அதே கேள்வியைக் கேளுங்கள். கயிறு நகரவில்லை, அவள்தான் நகர்ந்தாள். ஆனால் மூன்று கூறுக் கயிற்றுக்கும் நான்கு கூறுக் கயிற்றுக்கும் பெயர் மாறிவிட்டது. இதை அவள் தன் காலால் நடந்து உணர்ந்தால் போதும்.

ஒரு சிக்கலை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவள் நிற்கும் மூலையை இரண்டு கயிறுகள் தொடும். இரண்டுமே "அடுத்துள்ளவை"தானே என்று அவள் கேட்டால், அது நியாயமான கேள்வி. பள்ளியில் மலாய்மொழியில் "சிசி பெர்செபெலாஹான்" என்று படிக்கும்போதும் இதே குழப்பம் வரும், ஏனென்றால் அந்தச் சொல்லுக்கும் பக்கத்தில் இருப்பது என்றுதான் பொருள். அதனால்தான் வேலையை எப்போதும் செங்கோணத்திலிருந்து தொடங்க வேண்டும். செங்கோணத்தைக் கண்டுபிடித்து, அதற்கு எதிரே உள்ள பக்கத்துக்குக் "கர்ணம்" என்று முதலில் எழுதி அதை ஒதுக்கிவிட வேண்டும். அதன் பிறகு நிற்கும் மூலையைத் தொடுவதில் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. அதுவே அடுத்துள்ள பக்கம். முக்கோணம் தலைகீழாக இருந்தாலும், கர்ணம் கீழே படுத்திருந்தாலும் இந்த வரிசை பிழைக்காது.

உங்கள் கணக்கில் அவளை அ மூலையில் நிற்க வையுங்கள். கர்ணம் அ-இ, 13. எதிரே இருப்பது ஆ-இ, 12. ஆகவே அ கோணத்தின் சைன் 12/13. அவள் எழுதிய 5/13 வீணான விடை அன்று. அது இ கோணத்தின் சைன். அவள் தவறான மூலையில் நின்று சரியான கணக்கைப் போட்டிருக்கிறாள் என்று அவளிடம் சொல்லுங்கள்.

மறுமொழி
எழுதியவர்: தோட்டத்து அம்மா, தெலுக் இந்தான்

மிக்க நன்றி அம்மா. நேற்று மாலை கயிறு கட்டிப் பார்த்தோம். தம்பி ஒரு மூலை, நான் ஒரு மூலை, மாமனார் செங்கோண மூலை என்று பிடித்துக்கொள்ள, மகள் இரண்டு குறுங்கோணங்களுக்கும் மாறி மாறி நடந்தாள். மூன்றாம் முறை நடக்கும்போது நான் கேட்பதற்கு முன்பே பெயர்களைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். பயிற்சித் தாளில் இருந்த திருப்பி வரைந்த முக்கோணங்களில் எட்டில் ஏழைச் சரியாகப் போட்டாள்.

இப்போது அவளுக்குப் புதிய கேள்வி பிறந்திருக்கிறது. முக்கோணம் சிறியதோ பெரியதோ, 30 பாகையின் சைன் எப்போதும் சரியாகப் பாதிதான் என்கிறார்களே, பக்கங்கள் மாறும்போது அது மட்டும் ஏன் மாறுவதில்லை, அதுவும் ஏன் பாதியில் வந்து நிற்கிறது என்று கேட்கிறாள். கணிப்பானில் போட்டுப் பார்த்தபோது பாதி வராமல் −0.988 என்று வந்தது. பக்கத்து நீளங்களை வகுத்தால் எதிர்மறை எண் எப்படி வரும் என்று இருவரும் திகைத்துப் போனோம்.

மறுமொழி
எழுதியவர்: பால்மரத் தோட்டத்துப் பிள்ளை, பாகான் டத்தோ

வணக்கம் அக்கா. கணிப்பானைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது பாகையில் இல்லாமல், கோணத்தை அளக்கும் இன்னோர் அலகான ரேடியன் அளவில் இருக்கிறது. 30 ரேடியனின் சைன் −0.988 என்பதால் அது தன் கணக்கைச் சரியாகவே செய்திருக்கிறது. உங்கள் 30 பாகை என்று அதற்குத் தெரியவில்லை. அமைப்பை மாற்றிப் பாகைக்குக் கொண்டுவந்தால் 0.5 வரும். தேர்வு மண்டபத்தில் முதல் வேலையாக 30-இன் சைனைப் போட்டுப் பார்க்கும் பழக்கத்தைத் தங்கைக்கு உண்டாக்கிவிடுங்கள்.

அளவு மாறினாலும் விகிதம் ஏன் மாறுவதில்லை என்பதை நான் பள்ளியில் கற்கவில்லை. என் தாயார் பால் வெட்டிய ரப்பர் மரத்தில்தான் புரிந்துகொண்டேன். பால்மரத்தில் வெட்டுக்கோடு மரத்தின் பாதிச் சுற்றுக்கு, மேல் இடப்புறத்திலிருந்து கீழ் வலப்புறமாகச் சரிந்து இறங்கும். ஒட்டுக்கட்டிய மரத்தில் அந்தச் சரிவு கிடைமட்டத்துக்கு 30 பாகை. பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் நேர் செங்குத்தாக ஓடாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுவதால், இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அதிகமான குழாய்களைத் திறக்கிறது. சரிவு குறைந்தால் பால் வெட்டிய காடியில் ஓடி, பால் சேரும் கிண்ணமான மங்குக்கு வராமல் பட்டையில் வழிந்துவிடும். அதனால் கங்காணி தகரத்தில் வெட்டிய அச்சு ஒன்றை வைத்து ஒவ்வொரு மரத்திலும் சரிவைக் குறித்துக் கொடுப்பார்.

ஒரு மைலோ டின்னை எடுத்து, அதைச் சுற்றி ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, பாதிச் சுற்றுக்கு அப்படி ஒரு சரிவுக்கோட்டை வரைந்து, தாளைப் பிரித்துத் தரையில் விரியுங்கள். வளைந்திருந்த வெட்டுக்கோடு நேர்கோடாகிவிடும். தாளில் ஒரு செங்கோண முக்கோணம் கிடக்கும்: பாதிச் சுற்றளவு அடியிலும், கோடு இறங்கிய உயரம் பக்கவாட்டிலும், வெட்டுக்கோடே கர்ணமாகவும் இருக்கும்.

இப்போது எண்களைப் போடுங்கள். மரத்தின் சுற்றளவு 50 செ.மீ. ஆனதும் பால் வெட்டத் தொடங்குவது வழக்கம். பாதிச் சுற்று 25 செ.மீ. 30 பாகையின் டேஞ்சன்ட் 0.5774 என்பதால் கோடு இறங்கும் உயரம் 14.43 செ.மீ.; கோசைன் 0.8660 என்பதால் வெட்டுக்கோட்டின் நீளம் 25-ஐ 0.8660 ஆல் வகுத்து 28.87 செ.மீ. இறங்கிய உயரத்தை வெட்டுக்கோட்டால் வகுத்தால் 0.5. மரம் பருத்துச் சுற்றளவு 80 செ.மீ. ஆகிவிட்டது என்று வையுங்கள். பாதிச் சுற்று 40, இறக்கம் 23.09, வெட்டுக்கோடு 46.19. வகுத்தால் மறுபடியும் 0.5. மரம் வளர்ந்தது, மூன்று பக்கங்களும் ஒரே மடங்கில் வளர்ந்தன, தகர அச்சு மாறவில்லை. கோணம் என்பது அந்தத் தகர அச்சு. சைன் என்பது அந்த அச்சுக்குச் சொந்தமான எண். இளமரத்துக்கும் முதுமரத்துக்கும் ஒரே அச்சு போதுமானதாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

சரியாகப் பாதி ஏன் என்பதற்கு உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள செம்பனையே விடை சொல்லும். செம்பனையைப் பொதுவாகச் சமபக்க முக்கோண அமைப்பில், மரத்துக்கு மரம் 9 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள். அடுத்தடுத்த மூன்று மரங்களை எடுத்தால் மூன்று பக்கங்களும் 9 மீட்டர், மூன்று கோணங்களும் 60 பாகை. ஒரு மரத்திலிருந்து எதிரே உள்ள நிரைக்கு நேராக நடந்தால் அந்த முக்கோணம் சரிபாதியாகப் பிளக்கிறது. 60 பாகை 30 பாகையாகிறது. எதிரே இருந்த 9 மீட்டர் 4.5 மீட்டராகிறது, கர்ணம் 9 மீட்டராகவே நிற்கிறது. ஆகவே 30 பாகையின் சைன் 4.5/9, அதாவது பாதி. எந்த அட்டவணையும் கணிப்பானும் இதற்குத் தேவையில்லை.

நீங்கள் நடந்த தூரம், 9-இன் வர்க்கம் 81-இல் 4.5-இன் வர்க்கம் 20.25 போக மிஞ்சும் 60.75-இன் வர்க்கமூலம், அதாவது 7.79 மீட்டர். அதுதான் நிரைக்கும் நிரைக்கும் உள்ள இடைவெளி. ஒரு மரத்துக்கு ஏறத்தாழ 70 சதுர மீட்டர் என்று கணக்கிட்டால் ஒரு ஹெக்டருக்கு 143 மரங்கள் வருகின்றன. சதுர அமைப்பில் அதே 9 மீட்டரில் நட்டிருந்தால் 123 மரங்கள்தான் வரும். தங்கையை அழைத்துக்கொண்டு போய் நாடாவால் நிரையை அளந்து பாருங்கள். மேடுபள்ளம் இல்லாத நிலமாக இருந்தால் எண் பெரிதும் விலகாது.

மறுமொழி
எழுதியவர்: நில அளவைப் பணியாளர், தைப்பிங்

வணக்கம். தாத்தா சொன்ன எட்டுப் பங்கு முறையைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். வாட்ஸ்ஆப்பில் இதைப் பித்தாகரஸ் தேற்றத்துக்கு மாற்று என்றும், வர்க்கமூலமே வேண்டாத துல்லியமான முறை என்றும் பரப்புகிறார்கள். நம் முன்னோர் கணக்கின்மீது மதிப்பு வைத்திருப்பதால்தான் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்: இது ஒரு நல்ல தோராய முறை, தேற்றம் அன்று.

நீளமான பக்கத்தை 1 என்றும், குட்டையான பக்கத்தை அதன் ஒரு பகுதி என்றும் வைத்து, இந்த முறை தரும் விடையும் பித்தாகரஸ் தரும் விடையும் எங்கே சமமாகின்றன என்று சமன்பாடு போட்டுப் பார்த்தால், அது இருபடிச் சமன்பாடாக வந்து இரண்டே இரண்டு தீர்வுகளைத் தருகிறது: 3/4, 5/12. அதாவது 3, 4, 5 என்ற வடிவத்துக்கும் 5, 12, 13 என்ற வடிவத்துக்கும், அவற்றின் மடங்குகளுக்கும் மட்டுமே இது துல்லியமானது. 6, 8 போட்டாலும் 10 வரும். 10, 24 போட்டாலும் 26 வரும். நம்மில் பலர் சோதித்துப் பார்க்க எடுக்கும் எண்கள் இவையே என்பதால் எப்போதும் சரி என்று தோன்றிவிடுகிறது.

இந்த இரண்டு வடிவங்களுக்கும் இடையில் உள்ள முக்கோணங்களில் பிழை நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டுவதில்லை. இரண்டு பக்கங்களும் சமமாக இருந்தால் 1.414-க்குப் பதில் 1.375 வரும், கிட்டத்தட்ட நூற்றுக்கு மூன்று குறைவு. உங்கள் 20, 21 முக்கோணம் ஏறத்தாழச் சமபக்கங்கள் கொண்டதால்தான் 29-க்குப் பதில் 28.375 வந்தது. நீங்கள் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறீர்கள். குட்டைப் பக்கம் நீளப் பக்கத்தில் கால்பங்குக்கும் கீழே போனால் முறை முற்றிலும் உடைந்துவிடும். 40, 1 என்று போட்டுப் பாருங்கள்: 35-உம் அரையும் சேர்ந்து 35.5 வரும். கர்ணம் 40-ஐவிடக் குறைவாக இருக்கவே முடியாது. செங்கோண முக்கோணத்தில் கர்ணம்தான் மிக நீளமான பக்கம் என்பதை மகள் மறக்காமல் இருந்தால், இப்படிப்பட்ட விடை வரும்போது தானே நிறுத்தி யோசிப்பாள்.

வர்க்கமூல அட்டவணையோ கணிப்பானோ இல்லாத இடத்தில், கூரைக்குக் கைமரம் எவ்வளவு நீளம் வேண்டும் என்று மனத்திலேயே கணக்கிட இந்த முறை போதுமானது. எட்டாகப் பிரிப்பதும் பாதியாக்குவதும் கயிற்றை மடித்தே செய்யக்கூடியவை. தாத்தாவிடம் இதை இப்படியே சொல்லலாம். தேர்வுத் தாளில் மட்டும் பித்தாகரஸைப் பயன்படுத்தட்டும்.

மறுமொழி
எழுதியவர்: தோட்டத்து அம்மா, தெலுக் இந்தான்

மூவருக்கும் நன்றி. கணிப்பானைச் சரிசெய்துவிட்டோம். இப்போது பள்ளியில் ஒரு குழுப்பணி கொடுத்திருக்கிறார்கள்: எங்கள் ஊர்ச் சாய்ந்த கோபுரத்தின் உயரத்தைப் பாகைமானியையும் டேஞ்சன்டையும் கொண்டு மதிப்பிட வேண்டும். கோபுரத்தடியிலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று உச்சியின் கோணத்தை எடுத்து, 30-ஐ டேஞ்சன்டால் பெருக்கலாம் என்பது குழுவின் திட்டம். கோபுரம் சாய்ந்திருப்பதால் அங்கே செங்கோணமே இல்லையே என்று மகள் கேட்கிறாள். கயிற்று வேலைக்குப் பிறகுதான் இப்படிக் கேட்கிறாள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் விடை தெரியவில்லை.

மறுமொழி
எழுதியவர்: நில அளவைப் பணியாளர், தைப்பிங்

மிக நல்ல கேள்வி. கோபுரத்துக்கும் தரைக்கும் இடையே செங்கோணம் இல்லை என்பது உண்மை. ஆனால் உச்சியிலிருந்து தரைக்கு ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டதாக நினைத்தால், அந்த நூலுக்கும் தரைக்கும் இடையே செங்கோணம் உண்டு. நாம் அளப்பது அந்த நூலின் நீளத்தை.

1885-ஆம் ஆண்டு கட்டப்பட்ட அந்தக் கோபுரத்தின் உயரம் 25.5 மீட்டர் என்று குறிப்பிடுகிறார்கள். கணக்கு புரிவதற்காக, அது 5 பாகை சாய்ந்திருப்பதாக ஓர் எண்ணை நானாகவே எடுத்துக்கொள்கிறேன். உண்மையான சாய்வு இதுவென்று எழுதிவிட வேண்டாம். கோபுரத்தின் உடலை 25.5 மீட்டர் கர்ணமாக வைத்தால், தூக்குநூல், தரையில் விலகிய தூரம் ஆகிய இரண்டும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணம் உண்டாகிறது. உச்சியில் நின்று தூக்குநூலையும் கோபுரத்தையும் பார்த்தால் இடையில் உள்ள கோணம் 5 பாகை. தூக்குநூல் அடுத்துள்ள பக்கம், ஆகவே 5 பாகையின் கோசைன் 0.9962-ஆல் பெருக்கினால் 25.40 மீட்டர். விலகிய தூரம் எதிர்ப்பக்கம், ஆகவே சைன் 0.0872-ஆல் பெருக்கினால் 2.22 மீட்டர். உயரத்தில் குறைந்தது பத்து சென்டிமீட்டர்தான். பக்கவாட்டில் விலகியதோ இரண்டு மீட்டருக்கும் மேல். சிறிய கோணங்களில் கோசைன் 1-ஐ விட்டு மிக மெதுவாக விலகுவதும் சைன் விரைவாக ஏறுவதும் இங்கே கண்ணெதிரே தெரியும்.

குழுவின் திட்டத்தில் உள்ள ஆபத்து அந்த இரண்டு மீட்டரில்தான் இருக்கிறது. கோபுரம் சாய்ந்துள்ள திசையில் போய் நின்றால், அடியிலிருந்து 30 மீட்டர் என்று அளந்தாலும் தூக்குநூல் விழும் இடத்திலிருந்து 27.78 மீட்டர்தான் இருக்கும். கோணம் அதிகமாகத் தெரியும்; 30-ஆல் பெருக்கினால் உயரம் 27.4 மீட்டர் என்று வந்துவிடும். எதிர்த்திசையில் நின்றால் 23.7 மீட்டர் வரும். அதனால் சாய்வுக்குக் குறுக்கே, கோபுரம் உங்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்ந்து தெரியும் இடத்தில் நில்லுங்கள். அங்கிருந்து தூக்குநூல் விழும் இடத்துக்கு உள்ள தூரம் 30.08 மீட்டர், பிழை பொருட்படுத்தத் தக்கதன்று. கோணத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் கண்மட்டத்திலிருந்து எடுப்பதால், கடைசியில் பார்ப்பவரின் கண் உயரத்தைக் கூட்ட மறக்க வேண்டாம்.

மறுமொழி
எழுதியவர்: ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, ஈப்போ

தம்பியின் விளக்கம் அருமை. மகளுக்குப் பிடிக்கும் என்பதால் ஒரு சொல் வரலாற்றை மட்டும் சேர்க்கிறேன். பள்ளியில் அவள் மலாயில் "சினுஸ்" என்று படிக்கும் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. வட்டவில்லின் இரு முனைகளையும் இணைக்கும் கோட்டைத் தமிழில் நாண் என்கிறோம். வடமொழியில் அது ஜ்யா. 499-ஆம் ஆண்டில் எழுதிய ஆரியபட்டர், முழு நாணை விட்டு அரை நாணைக் கணக்கில் எடுத்தார். அச்சொல் ஜீவா என்று வழங்கி, அரபுக்குப் போய், அங்கே மடிப்பு என்று பொருள்படும் வேறொரு சொல்லாக வாசிக்கப்பட்டு, இலத்தீனில் மடிப்புக்கு உரிய "சினுஸ்" என்று மொழிபெயர்க்கப்பட்டது. வட்டத்தின் ஆரத்தைக் கர்ணமாக வைத்து வரைந்து பார்த்தால் அந்த அரை நாண்தான் எதிர்ப்பக்கம் என்பது அவளுக்கே தெரியும். வில்லும் நாணும் அவள் தமிழ்ப்பள்ளியிலேயே அறிந்த சொற்கள்.

மறுமொழி
எழுதியவர்: தோட்டத்து அம்மா, தெலுக் இந்தான்

எல்லாவற்றையும் மகள் தன் குறிப்பேட்டில் படத்தோடு எழுதிக்கொண்டாள். ஒத்திகையாக வீட்டுக்குப் பின்னால் உள்ள தென்னையை நேற்று அளந்தோம். 10 மீட்டர் தள்ளி நின்றபோது பாகைமானியில் 42 பாகை, டேஞ்சன்ட் 0.9004 என்பதால் 9 மீட்டர், அவள் கண் உயரம் 1.4 மீட்டரைக் கூட்டி 10.4 மீட்டர். மரமேறி நாடா பிடித்துப் பார்க்க ஆளில்லாததால், 15 மீட்டர் தள்ளிப் போய் மறுபடியும் எடுத்தாள். 31 பாகை வந்தது; டேஞ்சன்ட் 0.6009, ஆகவே 9.01, மொத்தம் ஏறத்தாழ அதே 10.4. கோணம் மாறியும் உயரம் மாறாததை அவள் இரண்டு முறை சரிபார்த்தாள்.

மாமாவிடம் எட்டுப் பங்கு முறையைப் பற்றித் தைப்பிங் தம்பி எழுதியதை வாசித்துக் காட்டினேன். 40, 1 என்ற கணக்கைத் தாமே விரல்விட்டுப் போட்டுப் பார்த்து, 35.5 வந்ததும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மைலோ டின்னை எடுத்து வரச் சொல்லி, பேத்திக்கு வெட்டுக்கோட்டைத் தாமே வரைந்து காட்டினார். இளமையில் பத்து ஆண்டுகள் பால் வெட்டியவர், சரிவைப் பாகைமானி இல்லாமலே பிடித்தார். மகள் தாளைப் பிரித்து அளந்தபோது 31 பாகை இருந்தது.

வரும் சனிக்கிழமை குழுவினர் கோபுரத்துக்குப் போகிறார்கள். சாய்வுக்குக் குறுக்கே எந்தப் பக்கத்தில் 30 மீட்டருக்குத் தடையில்லாத இடம் கிடைக்கும் என்பதை மாமா இன்று காலையே பட்டணத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.